ஐஸ் பரலும் பாடசாலைக் கிணறும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் நெருங்குவதால் எழுதுகிறோம். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் உம்மா வாப்பாமார் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு பின்னேரம். உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்து நமது பொடியன்மார் நாலைந்து பேர் ஒரு நீல நிறப் பரலை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஐஸ் வாடியிலிருந்து ஐஸ் கட்டி, அதைக் கொண்டுவர மீன்காரரின் ரெஜிபோம் பெட்டி. பரலில் தண்ணீரை நிரப்பி ஐஸை உடைத்துப் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கழுத்துவரை இறங்கினார்கள். ஒருவன் போனில் நேரம் பார்த்தான். “என்னடா இது?” என்று கேட்டோம். “சேர், இது ரிகவரி. உடம்பு நோவு போகும், மைண்ட் ஃபோகஸ் கூடும். உலகத்தில உள்ள பெரிய பிளேயர்ஸ் எல்லாரும் செய்றாங்க” என்றான்.

பக்கத்தில் நின்ற ஒரு மூத்தவருக்குக் கோபம். “வேர்த்த உடம்புல பச்சைத் தண்ணி படக்கூடாதுன்னு நாங்க சொல்றோம். இவனுகள் ஐஸுக்குள்ள இறங்குறானுகள். ஜன்னி வந்துதான் நிற்கும்” என்றார்.

அந்த வார்த்தையை நாங்கள் முன்பும் ஒரு தடவை, வேறொரு மைதானத்தில் கேட்டிருக்கிறோம். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

பொடியன் சொன்னது சரியா, மூத்தவர் சொன்னது சரியா? இரண்டு பேச்சுக்கும் பின்னால் இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புக்கு வருவோம்.

*ஆற்றில் இறங்கிய இரண்டு அரசர்கள்*

கி.மு. 333. மகா அலெக்சாந்தர் இன்றைய துருக்கியின் தென்பகுதியில் உள்ள தார்சுஸ் நகருக்குப் படையோடு வந்து சேர்கிறார். கடும் வெயில், நீண்ட பயணம், உடம்பெல்லாம் வியர்வையும் புழுதியும். நகரின் நடுவே கித்னுஸ் ஆறு ஓடுகிறது. மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த நீர். அப்படியே இறங்கிக் குளித்தார். உடம்பு விறைத்து, கடும் காய்ச்சலில் விழுந்தார். பிழைக்கமாட்டார் என்றே படையினர் நினைத்தார்கள். பிலிப் என்ற வைத்தியர் கொடுத்த மருந்தில் எழுந்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள்.

அதே தெற்குத் துருக்கியில், 1500 வருடங்களுக்குப் பிறகு இன்னொருவர். ஜேர்மனியப் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா. சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி பைத்துல் முகத்தஸை மீட்டதன் பின்னர், அவருக்கு எதிராகப் பெரும் படையோடு புறப்பட்டு வந்தவர். 1190 ஜூன் 10ஆம் திகதி சாலெப் ஆற்றில் மூழ்கி இறந்தார். ஆற்றைக் கடக்கும்போது என்று சிலர் எழுதினார்கள், வெயிலுக்குக் குளிக்க இறங்கியபோது என்று வேறு சிலர் எழுதினார்கள். தலைவரை இழந்த படை சிதறிப் போனது. ஸலாஹுத்தீனின் முகாமுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் ஊகிக்கலாம்.

இப்படிப்பட்ட கதைகள் கிரேக்கம், அரபு, லத்தீன் என்று மொழி மொழியாகப் பரவின. சூடான உடம்பும் குளிர்ந்த நீரும் சேரக்கூடாது என்ற பயம் பல சமூகங்களில் இருக்கிறது. நமது மூத்தவர்கள் சொல்வது வெறும் மூடநம்பிக்கை என்று தட்டிவிட முடியாது.

இன்றைய உடற்றொழிலியல் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. 15 பாகை செல்சியஸுக்குக் குறைந்த நீரில் திடீரென்று இறங்கினால் நமது விருப்பமில்லாமலே நெஞ்சு ஒரு பெருமூச்சை இழுக்கும். அதன் பின் மூச்சு தாறுமாறாக வாங்கும், இதயம் வேகமாக அடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும். முதல் இரண்டு மூன்று நிமிடங்களில்தான் இது கடுமையாக இருக்கும். அந்த முதல் பெருமூச்சு வரும்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரனும் மூழ்குவான். இதயத்தில் குறை உள்ளவருக்கு அது கரையிலேயே ஆபத்து.

*பிழைத்தவரும் இறந்தவரும்*

பயம் ஒரு பக்கம் இருக்க, குளிர்ந்த நீரை மருந்தாக எடுத்த வைத்தியர்களும் அன்றே இருந்தார்கள்.

கி.மு. 23இல் ரோமப் பேரரசர் ஒகஸ்டஸ் சாகக் கிடந்தார். சூட்டு ஒத்தடங்கள் பலிக்கவில்லை. அந்தோனியஸ் மூசா என்ற வைத்தியர் அதற்கு நேர்மாறாகக் குளிர்ந்த குளிப்பும் குளிர்ந்த பானமும் கொடுத்தார். பேரரசர் எழுந்து உட்கார்ந்தார். வைத்தியருக்குச் சிலையே வைத்தார்கள். ஆனால் அதே வருடம் பேரரசரின் மருமகன் மார்செல்லஸ் நோயில் விழுந்தார். அதே வைத்தியர் அதே முறையைக் கையாண்டார். இளைஞர் இறந்துபோனார்.

ஒரே வைத்தியர், ஒரே தண்ணீர், இரண்டு முடிவுகள். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கேட்பது பிழையான கேள்வி. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்களில் ஒருவர் நாம் எல்லோரும் அறிந்த இப்னு சீனா (980 - 1037). அவருடைய ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலில் குளிர்ந்த நீரில் குளிப்பது பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். அவர் அதைத் தடுக்கவில்லை. வயது, உடற்பலம், பருவகாலம் ஆகியன பொருந்தியிருக்க வேண்டும் என்கிறார். செரிமானக் கோளாறு, வயிற்றோட்டம், தூக்கமின்மை உள்ளவர்கள் விலகியிருக்க வேண்டும், சிறுவருக்கும் முதியோருக்கும் அது பொருந்தாது என்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய அந்த நிபந்தனைப் பட்டியலில் உள்ள நிதானம், இன்று ஐஸ் பரல் விற்கிற விளம்பரங்களில் இல்லை.

*கப்பல் தளத்தில் ஒரு பரீட்சை*

அடுத்த திருப்பம் நமது போன்ற ஒரு வெப்ப நாட்டிலிருந்து வருகிறது. வில்லியம் ரைட் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜமெய்க்காத் தீவில் வேலை செய்தவர். 1777இல் அங்கிருந்து கப்பலில் திரும்பும்போது அவருக்கே கடும் காய்ச்சல் பிடித்தது. கப்பல் தளத்துக்கு வந்து, உடுப்பைக் கழற்றி, வாளி வாளியாகக் கடல்நீரைத் தன்மேல் ஊற்றச் சொன்னார். சுகம் கண்டார். பிறகு அதே கப்பலில் காய்ச்சல் வந்தவருக்கும் அதையே செய்தார்.

இதை வாசித்த லிவர்பூல் நகர வைத்தியர் ஜேம்ஸ் கரி ஒரு முக்கியமான வேலையைச் செய்தார். வெப்பமானியைக் கையில் எடுத்தார். நோயாளியின் உடல் வெப்பம் தண்ணீர் ஊற்றுமுன் எவ்வளவு, ஊற்றியபின் எவ்வளவு என்று அளந்து எழுதினார். 1797இல் புத்தகமாக வெளியிட்டார். உடம்பு கொதிக்கும் நேரத்தில் ஊற்றலாம், குளிர் நடுக்கம் வரும் நேரத்தில் ஊற்றக்கூடாது என்று நேரத்தைப் பிரித்துச் சொன்னார். “எனக்குச் சுகமானது” என்ற பேச்சு அளவீடாக மாறியது அங்கேதான்.

19ஆம் நூற்றாண்டில் இது ஒரு அலையாக எழுந்தது. ஒஸ்திரிய மலைக் கிராமத்தில் பிறீஸ்னிட்ஸ் என்ற விவசாயி, ஜேர்மனியில் க்னைப் என்ற பாதிரியார் எனப் பலர் தண்ணீரால் எல்லாவற்றையும் குணப்படுத்தலாம் என்றார்கள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். உயிரியலாளர் சார்ள்ஸ் டார்வின் கூட 1849இல் இங்கிலாந்தின் மோல்வேர்ன் என்ற ஊரில் தண்ணீர் வைத்தியம் செய்துகொண்டார். நல்ல காற்று, நடை, எளிய சாப்பாடு, மதுவில்லாத வாழ்க்கை எல்லாம் அங்கே சேர்ந்தே கிடைத்தன. சுகத்தில் தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

*‘மைண்ட் ஃபோகஸ்’ என்ற பெயரில்*

நமது பொடியன் சொன்ன ‘மைண்ட்’ விடயமும் புதியதல்ல. அதன் பழைய பக்கம் கறுப்பானது.

17ஆம் 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் மனநோயாளிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் குளிர்ந்த தண்ணீருக்குள் தள்ளும் வழக்கம் இருந்தது. திடீர் அதிர்ச்சியில் புத்தி தெளியும் என்று நம்பினார்கள். ஒல்லாந்தின் புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியர் போயர்ஹாவே போன்றவர்களே அதைப் பரிந்துரைத்தார்கள். மூழ்கிச் சாகும் நிலைவரை பிடித்து வைத்திருந்ததும் உண்டு. நோயாளி அமைதியானது பயத்தினால். அதைக் குணம் என்று கணக்கெழுதினார்கள்.

குளிர் மனத்தை உலுப்பும் என்பது உண்மை. உலுப்புவது வேறு, சீராக்குவது வேறு. ஆசிரியர்களான எங்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பிரம்பால் மேசையில் அடித்தாலும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகும்.

இன்று டிக்டொக்கில் சுற்றுகிற “டோபமைன் 250 வீதம் கூடும்” என்ற கதைக்கு மூலம் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு செக் நாட்டு ஆய்வு. எண் பொய்யில்லை. ஆனால் அதில் சில இளைஞர்கள் மட்டும் 14 பாகை நீரில் தலை வெளியே இருக்க ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தார்கள். இரத்தத்தில் அளந்தார்கள். அவர்கள் பரீட்சையில் நன்றாக எழுதினார்களா, பாடம் நன்றாக மனனமானதா என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. ஐஸ் பரலில் இரண்டு நிமிடம் நின்றால் கணித பாடத்தில் ‘ஏ’ வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட நேரத்தோடு தூங்கச் சொல்லுங்கள்.

*இலங்கைக்கு வந்த வெப்பமானியும் ஐஸும்*

இனி நமது நாட்டுக்கு வருவோம்.

1816இல் ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் இலங்கைக்குக் கப்பலேறினார். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி. வரும் வழியில் கப்பலில் இருந்தவர்களின் நாவுக்கடியில் வெப்பமானி வைத்து அளந்துகொண்டே வந்தார். வெப்ப வலயத்தை நெருங்க நெருங்க உடல் வெப்பம் சற்றே ஏறுவதைக் கண்டார். இலங்கையில் இறங்கிய பிறகும் இங்குள்ள பல சமூகத்தவரையும் அளந்தார். சூழலின் வெப்பம் உடம்புக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது என்பதை எண்ணோடு காட்டிய ஆரம்பகால வேலைகளில் ஒன்று நமது தீவோடு தொடர்புபட்டது.

இந்த வெப்பத்துக்கு நமது முன்னோர் கண்ட மருந்து ஐஸ் அல்ல. அநுராதபுரத்து இரட்டைக் குளம், பொலன்னறுவையில் பராக்கிரமபாகு மன்னர் காலத்துக் குமார பொக்குண, கடலோரத்துக் கீரிமலைக் கேணி எல்லாம் குளிப்பதற்கென்றே கட்டப்பட்டவை. பள்ளிவாசல் ஹவ்ழில் லுஹருக்கு முன் கை, முகம், கால் நனைத்தவருக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். வயலில் நின்றவர் வாய்க்காலிலும், தோணி தள்ளியவர் வீட்டுக் கிணற்றிலும் வாளி வாளியாகத் தலைக்கு வார்த்தார்கள்.

அந்தக் கிணற்று நீரின் வெப்பம் என்ன தெரியுமா? தாழ்நிலப் பகுதிகளில் ஏறத்தாழ 27, 28 பாகை. நிலத்தடி நீர் பெரும்பாலும் அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். நமது தோலின் வெப்பம் சுமார் 33 பாகை. அந்த ஐந்தாறு பாகை வித்தியாசம்தான் நமக்குச் “சில்” என்று படுகிறது. இது அலெக்சாந்தரின் மலையாறு அல்ல. பெருமூச்சை இழுக்க வைக்கும் குளிர் இதில் இல்லை. தண்ணீர் வெப்பத்தைக் கடத்துவது காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் என்பதால், 27 பாகை நீரும் உடம்பின் சூட்டை நன்றாகவே இழுத்தெடுக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஐஸ் இங்கே பிந்தி வந்த விருந்தாளி. 1833இல் பொஸ்டன் வியாபாரி பிரெடெரிக் டியூடர் உறைந்த ஏரிகளில் வெட்டிய சுமார் 180 தொன் ஐஸைக் கப்பலேற்றினார். நாலு மாதம் கடலில் ஓடி, கல்கத்தாவில் இறங்கும்போது சுமார் 100 தொன் மிஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் அந்த ஐஸை வைத்திருந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. இலங்கையில் 1866இல் தொடங்கிய கொழும்பு ஐஸ் கம்பெனிதான் இன்று நாம் ஐஸ்கிறீமும் சோடாவும் வாங்கும் யானைச் சின்ன நிறுவனத்தின் ஆரம்பம். துரைமாரின் கிண்ணத்துக்கு வந்த ஐஸ், பிறகு மீன் பெட்டிக்கு வந்தது, இப்போது பொடியன்மாரின் பரலுக்கு வந்திருக்கிறது.

*ரிகவரி எவ்வளவு உண்மை?*

2002இல் பிரித்தானிய ஓட்ட வீராங்கனை போலா ராட்கிளிஃப், தமது வெற்றிக்கு ஐஸ் குளிப்பும் ஒரு காரணம் என்று சொன்னதிலிருந்து அது விளையாட்டு உலகில் வேகமாகப் பரவியது. ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

நோவு குறைவது உண்மை. 2012இல் 17 சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மீளாய்வு, சும்மா ஓய்வெடுப்பதைவிடக் குளிர்நீரில் இறங்கினால் அடுத்த நாட்களின் தசை நோவு குறைகிறது என்றது. ஆனால் 2015இல் அவுஸ்திரேலியாவில் 12 வாரங்கள் பாரம் தூக்கும் பயிற்சி செய்த இளைஞர்களைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் 10 பாகை நீரில் 10 நிமிடம் இருந்தவர்களுக்குத் தசையும் பலமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே வளர்ந்தன. நோவைத் தணிக்கும் குளிர், உடம்பு தன்னைக் கட்டியெழுப்பும் வேலையையும் தணித்துவிடுகிறது.

ஆகவே பொடியன்மாரே, இன்றைக்கு ஒரு மெட்ச், நாளைக்கும் ஒரு மெட்ச் என்றால் குளிர்நீர் உதவும். தினமும் பயிற்சி செய்து உடம்பை வளர்க்கிற காலத்தில் ஒவ்வொரு நாளும் ஐஸில் இறங்குவது நீங்களே உங்கள் உழைப்பைக் கழுவி விடுவதாகும். தனியாக இறங்கவே கூடாது. நெஞ்சு நோவு, இழுப்பு, வலிப்பு உள்ளவர்கள் பக்கத்திலும் போகக்கூடாது. கிணற்றடியில் பத்து வாளி வார்ப்பதே நமக்குப் போதும்.

இத்தோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால் இதை எழுதத் தொடங்கிய காரணம் வேறு.

*நாங்கள் செய்த பிழை*

சில வருடங்களுக்கு முன் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான மரதன் ஓட்டம். காலையில் தொடங்க வேண்டியது பிந்திவிட்டது. வெயில் ஏறிவிட்டது. மைதானத்துக்குள் திரும்பி வந்த ஒரு மாணவன் கடைசி நூறு மீற்றரில் வளைந்து வளைந்து ஓடினான். விழுந்தான். பெயரைக் கேட்டால் வேறு எதையோ சொன்னான். தொட்டால் சட்டி போலச் சுட்டது.

நாங்கள் அவனை மரத்தடியில் கிடத்தினோம். சுற்றிக் கூட்டம் கூடியது. ஒருவர் கொப்பியால் விசிறினார். ஒருவர் சோடா கொண்டுவந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஓர் ஆசிரியர் வாளியைத் தூக்கினார். அப்போதுதான் அந்த வார்த்தை. “வேர்த்த உடம்புல தண்ணி ஊத்தாதீங்க, ஜன்னி வந்திரும்.” வாளி கீழே வைக்கப்பட்டது. ஓட்டோ தேடினோம். நேரம் போனது.

வைத்தியசாலையில் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஊசிக்கு முன்னால் உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்க நனைத்து, மின்விசிறியைத் திருப்பி, கமுக்கட்டில் ஐஸ் வைத்தார்கள். வைத்தியர் எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “விழுந்த இடத்தில தண்ணி ஊத்தினீங்களா?” நாங்கள் தலையைக் குனிந்தோம்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சில நாட்கள் வார்ட்டில் இருந்து சுகமாகி வந்தான். ஆனால் அந்த மரத்தடியிலிருந்து பாடசாலைக் கிணறு முப்பது எட்டுத் தூரம்கூட இல்லை. நாங்கள் கலாசாலையில் முதலுதவி படித்தவர்கள். கட்டுப் போடத் தெரியும், முறிவுக்குத் தடி வைக்கத் தெரியும். கொதிக்கும் உடம்பைக் குளிர்விக்கத் தெரியவில்லை.

*மக்காவிலிருந்து ஒரு பாடம்*

அதன் பிறகுதான் தேடி வாசித்தோம்.

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வெயிலில் விழுந்த பிரித்தானியச் சிப்பாய்களுக்கு முதலில் இரத்தத்தை வடித்தார்கள். பலர் இறந்தார்கள். பிறகுதான் தலையிலும் மார்பிலும் குளிர்ந்த நீரை ஊற்றத் தொடங்கினார்கள்.

நமக்கு நெருக்கமான கதை 1980இல் வெளியானது. ஹஜ் காலத்தில் வெயிலில் விழும் ஹாஜிகளுக்காக முஸ்தபா கூகலி, ஜோசப் வைனர் என்ற இரு வைத்திய அறிஞர்கள் ‘மக்கா உடல் குளிர்விப்புக் கட்டில்’ என்ற ஏற்பாட்டை வடிவமைத்தார்கள். வலைக் கட்டிலில் நோயாளியைக் கிடத்தி, மெல்லிய தூறலாக 15 பாகை நீரைத் தெளித்து, கூடவே வெதுவெதுப்பான காற்றை ஊதுவார்கள். தோல் சுருங்காமல் இருக்கும், நீர் ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். வயதான ஹாஜிகளுக்கு இது பொருத்தமான முறை. 2024 ஹஜ்ஜில் ஹரமில் வெப்பம் 51 பாகையைத் தாண்டியதையும், 1300க்கு மேற்பட்டோர் உயிரிழந்ததையும் நாம் மறந்திருக்கமாட்டோம். வெப்பம் இனி சின்ன விடயம் அல்ல.

ஓடி விழுந்த இளம் பிள்ளைகளுக்கு இன்னும் வேகமான முறை உண்டு. அது நமது பொடியன்மாரின் அதே பரல்தான். அமெரிக்காவின் ஃபல்மத் என்ற ஊரில் ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் ஏழு மைல் ஓட்டம் நடக்கும். முடிவுக் கோட்டருகே ஐஸ் தண்ணீர்த் தொட்டிகள் வைத்திருப்பார்கள். 18 வருடங்களில் வெப்ப அதிர்ச்சியால் விழுந்த 274 பேரை அந்தத் தொட்டிகளில் இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். 2015இல் வெளியான கணக்கு இது.

ஐஸ் இல்லையென்றால்? 2008இல் அவுஸ்திரேலியாவில் சூடேற்றப்பட்ட ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு தடவை 14 பாகை நீரிலும் இன்னொரு தடவை 26 பாகை நீரிலும் இறக்கிப் பார்த்தார்கள். உடம்பின் உள்வெப்பம் இயல்புக்கு இறங்க முதலாவதில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்தது, இரண்டாவதில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒரு நிமிடம்கூட இல்லை. 26 பாகை என்பது ஏறத்தாழ நமது கிணற்று நீர்!

அன்று முப்பது எட்டுத் தூரத்தில் மருந்து கிடந்தது. நாங்கள் ஓட்டோ தேடினோம்.

*இனி என்ன செய்வோம்?*

மூத்தவர் சொன்னதில் உண்மை உண்டு. பனிபோன்ற நீரில் திடீரென்று குதிப்பது ஆபத்து, வயதானவருக்கும் நோயாளிக்கும் மேலும் ஆபத்து. ஆனால் அந்த எச்சரிக்கை சுகமாக நிற்பவருக்கு. வெயிலில் ஓடி விழுந்து, உடம்பு கொதித்து, புத்தி தடுமாறுகிற பிள்ளைக்கு அல்ல. அவனுக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் ஆபத்து.

1. ஓட்டம், பயிற்சி எல்லாம் வெயில் ஏறுமுன் முடியட்டும். பிந்தினால் ஒத்திவையுங்கள். கிண்ணம் அடுத்த வாரமும் கொடுக்கலாம்.

2. முடிவுக் கோட்டருகே நிழலில் ஒரு பெரிய தொட்டி, நிறையத் தண்ணீர், முடிந்தால் ஒரு பெட்டி ஐஸ்.

3. பிள்ளை விழுந்து, உளறினால் அல்லது மயங்கினால், உடம்பு சுட்டால், வியர்வை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் 1990க்கு அழைக்க, மற்றவர்கள் உடனே கழுத்துவரை தண்ணீரில் இறக்குங்கள். இரண்டு பேர் கமுக்கட்டில் பிடித்துத் தலையை வெளியே வைத்திருக்க வேண்டும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். தெளிவு வரும்வரை அல்லது நடுக்கம் தொடங்கும்வரை.

4. தொட்டி இல்லையென்றால் வாளி வாளியாக உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். முகத்தில் மட்டும் தெளிப்பது போதாது.

5. பெண் பிள்ளைகள் என்றால் உடுப்போடேயே இறக்கலாம், ஆசிரியைகள் சுற்றி நின்று பார்க்கலாம். வெட்கத்தினால் ஒரு நிமிடமும் பிந்தக்கூடாது.

6. புத்தி தெளியாத பிள்ளையின் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்ற வேண்டாம். புரைக்கேறும்.

7. முதலில் குளிர்வித்தல், பிறகுதான் வாகனம்.

பொடியன்மாரிடம் பேசினோம். பரலை எறியச் சொல்லவில்லை. போட்டி நாளன்று அதைக் கழுவி மைதானத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். “சேர், ஐஸும் நாங்களே கொண்டு வாறோம்” என்றார்கள். அந்த மூத்தவரிடமும் அன்றைய கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த வாளியக் கீழே வைக்கச் சொன்னவனும் என்னைப்போல ஒருத்தன்தானே. போட்டியண்டு நானே கிணத்தடியில நிக்கிறன், வாளியோட” என்றார்.

உங்கள் பாடசாலை அதிபரிடம், விளையாட்டுக் கழகத்திடம் இதைக் காட்டுங்கள். நமது பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீரை அள்ளி ஊற்றுவது நமது வேலை.